அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே

அஸ்ஸலாமு அலைக்கும்.

அரபுத் தமிழ், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை, பற்றிய என் ஆய்வேட்டுக்கு வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். மூன்று நாளாகியும் கை நடுக்கம் போகவில்லை, அதனால் எழுத்து அங்கங்கே தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் என் படிப்புக்கு ஊரில் எழுந்த எதிர்ப்பு உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேர் அதற்குள்ளேயே இருந்தவர்கள். அதை மறுபடி கிளற எனக்கு மனசில்லை. ஷஅபான் மாதத்தில் நோட்டுகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டவள் நான். அந்தக் கட்டை இறக்க வைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் முடுக்குக்கு, அதாவது சந்துக்கு, அந்தப் பக்கம் இருக்கும் பெத்தும்மா. பெத்தும்மா என்றால் பாட்டி. சொந்தப் பெத்தும்மா இல்லை, முடுக்குக்கே பெத்தும்மா. பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். எங்கள் ஊர் காயல்பட்டினத்துக்காரர்கள் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள், வெளியே சொல்லாதீர்கள்.

கட்டைப் பரணில் போட்ட நாலாவது நாள். அஸர் என்ற மாலைத் தொழுகையைத் தொழுதுவிட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தேன். பெத்தும்மா முடுக்கு வழியாக வந்தார். கக்கத்தில் ஒரு துணிமூட்டை, பழைய துப்பட்டியைக் கிழித்துக் கட்டியது. எதிரே உட்கார்ந்து, "அழுது முடிச்சாச்சா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. "சரி. எந்த இடத்துல விட்டே? அதுல இருந்து வாசிப்போம்" என்றார்.

மூட்டைக்குள் இருந்தது அவர் உம்மா கையால் எழுதிய அரபுத் தமிழ் நோட்டு. அந்த உம்மா பெரிய பிள்ளை ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்களாம். வீட்டில் இருந்தபடியே கல்லச்சுப் புத்தகங்களைப் பார்த்து மாலைப் பாட்டும் முனாஜாத் என்ற வேண்டுதல் பாட்டும் மஸ்அலா என்ற மார்க்கச் சட்ட விளக்கமுமாகப் படியெடுத்து வைத்த நோட்டு அது. இரண்டு வருஷமாகக் கெஞ்சியும் கண்ணில் காட்டாதது. "பூச்சி அரிச்சிருக்கு, நீ தொட்டா உதிரும்" என்பார். அன்றைக்கு அவரே கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

மறுநாளிலிருந்து தினமும் அஸருக்கும், சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கும் நடுவே அதே படியில் வாசிப்பு. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது இல்லை, கறுப்பு நூல்தான். வலமிருந்து இடமாக ஆள்காட்டி விரல் நகர, ராகத்தோடுதான் வாசிப்பார். ராகத்தை நிறுத்தச் சொன்னால் வாசிப்பும் நின்றுபோகும். "மெட்டு இல்லாம எப்படிப் புள்ள எழுத்துத் தெரியும்?" என்று கேட்டார். நான் படித்த எந்த ஆய்வு முறையிலும் இதற்குப் பதில் இல்லை.

அவர் காப்பாற்றிய மானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரபுத் தமிழில் உயிர்க்குறிதான் எல்லாம். பூச்சி அரித்த பக்கத்தில் லகர எழுத்தான லாமுக்கு மேலே இருந்த குறி போய்விட்டிருந்தது. அங்கே அகர ஓசை தரும் ஸபர் இருந்ததாக நினைத்து நான் படித்துக் குறிப்பும் எழுதிவிட்டேன். எழுதியதைக் கேட்ட பெத்தும்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அது ஸுக்கூன் புள்ள. கல்வி. கல்வி! எங்க உம்மா போய் இதையா எழுதுவாங்க?" ஸுக்கூன் என்றால் உயிரோசை இல்லை என்று காட்டும் ஒரு சின்னக் குறி. அது இல்லாவிட்டால் பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்ற இடம் பெண்ணுக்குக் கலவி வேண்டும் என்று என் ஆய்வேட்டில் ஏறியிருக்கும். புறத்தேர்வாளர் முன்னால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பெத்தும்மா ரேஷன் கடையில் கைநாட்டுத்தான் வைப்பார். தமிழ் எழுத்து தெரியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம், "உம்மாவுக்குப் படிப்பு இல்லை" என்று மகன் சொல்லியிருக்கிறார். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர், எந்த மொழியிலாவது புரிந்துகொண்டு எழுதப் படிக்கத் தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவர் என்பதுதான் அந்தக் கணக்கெடுப்பின் விதி. ப, ட, ங, ழ என்று அரபியின் 28 எழுத்தில் இல்லாத ஓசைகளுக்கெல்லாம் புள்ளியும் கோடும் கூட்டி உண்டாக்கிய எழுத்தைச் சரளமாகப் படிப்பவர் அந்தப் பட்டியலில் படிக்காதவர். மகன் மேல் கோபமில்லை. முதல் வருஷம் நானே அப்படித்தான் நினைத்திருந்தேன், தகவலாளி என்று ஒரு கட்டத்தில் அவரை அடைத்துவைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் பெண் கல்யாணமாகித் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் இங்கே வருகிறார். வீடு மகளுக்கு, அப்புறம் அவள் மகளுக்கு. அதனால்தான் இந்த நோட்டுகள் அடுக்களை அலமாரியிலேயே தங்கியிருக்கின்றன என்பது என் எண்ணம். இங்கே பிறந்த மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் பெண்களும் படிக்கவேண்டும் என்று இந்த எழுத்தில் எழுதிக் குவித்தார்கள். அது கற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் படியெடுத்த பெண்களின் பெயர் ஒரு நூலகப் பட்டியலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. பெத்தும்மாவின் உம்மா கடைசிப் பக்கத்தில்கூடத் தன் பெயரை எழுதவில்லை, இன்னாருடைய மகள் என்றுதான் இருக்கிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். "நன்றியுரையில் முதல் பெயர் யாருடையது என்று யோசித்துப் போடு, என்னுடையது வேண்டாம்" என்ற நெறியாளர். உதவித்தொகை நின்ற மாதங்களில் திருப்பிக் கேட்காமல் பணம் போட்ட இரண்டு தோழிகள். தட்டச்சு செய்து தந்த காக்கா, அதாவது அண்ணன். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட உம்மா. "உன் பெண்டாட்டி இன்னுமா படிக்கிறா?" என்று கேட்டவர்களிடம் "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்த என் மாப்பிள்ளை. திருநெல்வேலி ரயிலில் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எனக்காகப் பேசிய அந்த ஆலிம், அவர் பேசியிருக்காவிட்டால் எதுவும் நடந்திருக்காது. எதிர்த்துப் பேசியவர்களில் மூன்று பேர் பிறகு வீட்டுக்கு வந்தார்கள், அவர்களுக்கும்தான்.

தேர்வில், "இந்த எழுத்தை யாரிடம் படித்தீர்கள்?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அவங்க தகுதி?" என்றார் ஒருவர். குத்தலாகக் கேட்கவில்லை, குறித்துக்கொள்ளத்தான் கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நோட்டின் நகலைத் திருப்பி அந்த லாமைக் காட்டினேன்.

ஊருக்கு வந்ததும் ஆய்வேட்டைக் கொண்டுபோய் பெத்தும்மா கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், கனம் பார்த்தார். "எந்த பாஷையில எழுதியிருக்கே?" "தமிழ்தான் பெத்தும்மா." "அப்ப நான் எப்படிப் படிக்க?" என்றார்.

அதனால் ஒரு நேர்ச்சை வைத்திருக்கிறேன். மூன்றாம் இயல் முழுவதையும் என் கையாலேயே அரபுத் தமிழில் எழுதி அவரிடம் கொடுப்பது. அது அவர் உம்மாவின் நோட்டைப் பற்றிய இயல். நேற்று இரண்டு பக்கம் முடித்துக் கொடுத்தேன். இன்று அஸருக்குப் பிறகு திரும்பி வந்தது. மூன்று இடத்தில் ழவுக்குப் புள்ளி வைக்க மறந்திருக்கிறேனாம், பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார்.