கைப்பம்புக்கும் சுத்திகரிப்புப் பெட்டிக்கும் நடுவே: ஒரு திறந்த மடல்

படகுக் கழிப்பறை செய்யும் நிறுவனத்தாருக்கும், கழிவைப் படகிலேயே சுத்திகரிக்கும் கருவி செய்யும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

உங்கள் இருவருக்கும் தனித்தனியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். கையால் பம்பு அடிக்கும் கழிப்பறையை இந்தக் கருவியோடு இணைத்தால், ஒரு சுத்திகரிப்புச் சுற்றுக்கு, அதாவது கருவி ஒருமுறை ஓடி முடிவதற்குள், எத்தனை அடி அடிக்கலாம் என்பது மட்டுமே என் கேள்வி. கருவி செய்பவரைக் கேளுங்கள் என்று கழிப்பறை நிறுவனத்தார் பணிவாகப் பதில் எழுதினார்கள். அது கழிப்பறையைப் பொறுத்தது, அவர்களையே கேளுங்கள் என்று கருவி நிறுவனத்தார் அதைவிடப் பணிவாக எழுதினார்கள். ஆகவேதான் இந்தப் பொதுமடல். தமிழில் எழுதுவதற்குக் காரணம், கோபம் எனக்குத் தாய்மொழியில்தான் ஒழுங்காக வருகிறது.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடுவது சட்டப்படி குற்றம். நீளம் 65 அடிக்கு மேற்படாத படகுகள், நூறு மில்லி லிட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் கழிவுக் கிருமிகள் போகாதபடி சுத்திகரிக்கும் முதல் வகைக் கருவியைப் பொருத்திக்கொள்ளலாம். முற்றிலும் தடைசெய்யப்பட்ட பகுதிகளில் மட்டும் அந்த நீரையும் விடக்கூடாது. இல்லையேல் கழிவைத் தொட்டியில் சேர்த்து வைத்து, கரையிலுள்ள நிலையத்தில் உறிஞ்சி எடுக்கக் கொடுக்க வேண்டும். குளிர்காலம் வந்ததும் குழாய் உறைந்துவிடும் என்று அந்த உறிஞ்சு நிலையங்களில் பலவற்றை மூடிவிடுகிறார்கள் என்பதால், நான் சுத்திகரிப்பைத் தேர்ந்தெடுத்தேன். படகு பழையது, பேட்டரி சிறியது. எனவே கழிப்பறை கைப்பம்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று உங்கள் விற்பனைத் தாள்கள் இரண்டுமே சொல்கின்றன.

சேர்ந்து வேலை செய்வது எப்படி என்பதைத்தான் எந்தத் தாளும் சொல்லவில்லை. கருவியின் முதல் அறையில் கழிவு அரைபடுகிறது; கடல்நீரின் உப்பிலிருந்து மின் தகடுகள் உண்டாக்கும் குளோரின் சேர்மம் கிருமிகளைக் கொல்கிறது; அடுத்த முறை உள்ளே வரும் நீர் முந்தைய நீரை வெளியே தள்ளுகிறது. அப்படியானால் ஒரே மூச்சில் மிகுதியாக அடித்தால், சுத்திகரிப்பு முடியாத நீர் கடலுக்குப் போய்விடும். குறைவாக அடித்தாலோ கழிவு குழாயிலேயே தங்கிவிடும். ஒன்றரை அங்குலக் குழாய் மீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும்; என் படகில் அது வளைந்து வளைந்து நீர்மட்டத்துக்கு மேலே ஏறி இறங்குகிறது. குழாய் முழுவதும் காலியாகும் வரை அடியுங்கள் என்கிறது கழிப்பறைக் கையேடு. ஒரு சுற்றுக்கு இவ்வளவு நீருக்கு மேல் வேண்டாம் என்கிறது கருவிக் கையேடு. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மேசையில் வைத்து யாராவது படித்துப் பார்த்தீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

மின்சாரக் கழிப்பறையென்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டும் சேர்ந்தே ஓடும். கைப்பம்பில் அப்படியல்ல. கருவியை ஓட்டச் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்ட வேண்டும், நீர் வரும்படி பம்பிலுள்ள சிறு நெம்புகோலைத் திருப்ப வேண்டும், அடிக்க வேண்டும், மறுபடி நெம்பைத் திருப்பி, நீரில்லாமல் அடிக்க வேண்டும். சுவிட்சை மறந்து பம்பை மட்டும் அடித்தாலும் நீர் போய்க்கொண்டுதான் இருக்கும். விளக்கோ மணியோ எதுவும் எச்சரிக்காது.

சென்ற கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மாவை இரண்டு நாள் படகில் அழைத்துப் போனேன். முழங்கை இடிக்கும் அந்தச் சிறிய அறையில், படகு ஆட ஆட, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பம்பை அடித்துக்கொண்டிருந்தார். வெளியே நின்று நான், "அம்மா, சுவிட்சைப் போட்டீங்களா? நெம்பைத் திருப்பினீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன், பெற்ற தாயிடம் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கக்கூடிய கேள்விகளா இவை? இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "தாகமே எடுக்கலைப்பா" என்றார். வெயில் கொளுத்திய நாள் அது.

நான் கேட்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. எந்தக் கைப்பம்பு, எவ்வளவு நீளக் குழாய், ஒரு சுற்றுக்கு எத்தனை முறை அடிக்கலாம் என்று சோதித்துப் பார்த்து எழுதிய ஒரு பக்கம்.

படகுக் கண்காட்சிகளில் உங்கள் கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வீற்றிருக்கின்றன. பக்கத்தில் கைப்பம்புக் கழிப்பறை ஒன்றை வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு குழாயைப் பொருத்திக் காட்டியவர் எவரையும் நான் கண்டதில்லை. அழகு கெட்டுவிடும் போலும். விரிகுடாவின் வடபகுதியில் நீரில் உப்புக் குறைவு, அங்கே உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் வாங்கிப் பொருத்திய பிறகு, கையேட்டின் பின்பக்கத்துச் சிற்றெழுத்தில்தான் நான் கண்டேன். கடலோரக் காவல் படையின் விதிப்படி பெற்ற சான்று உங்கள் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் கழிவு தவறாகப் போனால் அபராதச் சீட்டு வருவது உங்களுக்கல்ல, எனக்கு.

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான் வேண்டுவது அந்த ஒரு பக்கம்தான். முடிந்தால், பம்பின் கைப்பிடி அசைந்ததும் கருவி தானே ஓடத் தொடங்கும்படி ஒரு சிறு சுவிட்சும் செய்து கொடுங்கள். அதற்குரிய விலையைத் தரத் தயாராக இருக்கிறேன். ஏப்ரலில் படகை மறுபடி நீரில் இறக்குவதற்குள் கிடைத்தால் நன்றியுடையவனாவேன். உங்களில் யார் முதலில் பதில் எழுதினாலும், அன்புகூர்ந்து மற்றவருக்கும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள். இம்முறையாவது இடையில் நான் தூது போகாமல் இருக்கலாம்.

இங்ஙனம்,
செசபீக் விரிகுடாவில் பழைய பாய்மரப் படகொன்று வைத்திருக்கும் உங்கள் வாடிக்கையாளன்