ஆண்டறிக்கை 2024–25: இந்த முறை பாதிக்கு மேல் மாலை அறிவியல் வகுப்பைப் பற்றித்தான்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவுக்கும், வாசகசாலைக்குள் இடமில்லாமல் திண்ணையில் நிற்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு அறுந்ததைத் தவிர அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓணத்துக்குப் பூக்களமும் போட்டோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் கட்டாயம் என்று கேரள அரசு கொண்டுவந்தது நினைவிருக்கும். அதுவரை எல்லாரும் பாஸ் என்று நிம்மதியாக இருந்த நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் ஜூன் மாதமே கலக்கம் வந்துவிட்டது. கூட்டத்தில் நாலு அம்மாக்கள் எழுந்து, கணக்குக்கு ட்யூஷன் இருக்கிறது, சயின்ஸுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அப்படித்தான் வாரத்தில் 3 நாள் மாலை 6 மணி முதல் 7.30 வரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசகசாலையில் வகுப்பு தொடங்கியது. 23 பேர் வந்தார்கள், மார்ச்சில் 17 பேர் மிஞ்சினார்கள். போன ஆறு பேரில் இரண்டு பேர் டவுன் ட்யூஷனுக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு நாங்கள் போரடித்துவிட்டோம் என்பதுதான் உண்மை, அதை மறைப்பானேன்.

முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்தது. பிள்ளைகளுக்கு அறிவியல் வராமல் இல்லை, வார்த்தைகள்தான் காலை வாரிவிடுகின்றன. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தங்கம், இரும்பு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் “மூலக்கூறு” என்றே எழுதியிருந்தாள், விடைத்தாள் முழுக்கச் சிவப்பு மை. கேட்டால் சரியாகத்தான் விளக்கம் சொல்கிறாள். அப்புறம்தான் புரிந்தது. மலையாளத்தில் சொல்லிக்கொடுக்கும் மாஷ் (ஆசிரியர்) தனிமத்தை “மூலகம்” என்கிறார், நம் தமிழ்ப் புத்தகத்திலோ “மூலக்கூறு” என்றால் வேறு, மலையாளத்தில் அதற்குத் “தன்மாத்ர” என்று பெயர். அவள் காதில் விழுந்ததைக் கையில் இருக்கும் புத்தகத்தோடு பொருத்திக்கொண்டாள். இன்னொரு பையன், உராய்வுக்கு மாஷ் “கர்ஷணம்” என்றதும் அது கர்ஷகன் செய்கிற விவசாய வேலை என்று நினைத்து ஒரு வாரம் ஓட்டியிருக்கிறான். மலையாளத்தில் அந்தக் க வேறு, இந்தக் க வேறு, நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே!

அதனால் ஆளுக்கொரு நோட்டுப் போட்டோம். தமிழ், மலையாளம், ஆங்கிலம், நாலாவதாக “நம் வீட்டில்” என்று ஒரு பத்தி. அழுத்தம், மர்தம், பிரஷர் என்று எழுதிவிட்டு நாலாவது பத்தியில் ஒருவன் “அப்பாவுக்கு இருப்பது” என்று எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே விட்டுவைத்தோம். இந்த நோட்டுதான் இந்த ஆண்டு நாம் செய்ததில் உருப்படியான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

செய்முறைக்கு நம்மிடம் ஆய்வகம் கிடையாது, சுண்ணாம்பு இருந்தது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புதான், பெட்டிக்கடையில் வாங்கியது. அதை வைத்து அமிலம், காரம் பாடம் ஒன்றரை மாதம் ஓடியது. கல்யாண வீட்டில் ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவப்பாகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. தட்டில் மஞ்சள் தண்ணீர், ஒரு சிட்டிகை சுண்ணாம்பு, விரலால் கலக்கினால் ரத்தச் சிவப்பு. இது எல்லார் வீட்டிலும் பார்த்ததுதான். அதில் எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தபோதுதான் பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து வந்தார்கள், சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் மஞ்சள் திரும்பி, கலக்கினால் மறைந்து, ஏழெட்டுச் சொட்டுக்குப் பிறகு தட்டு முழுக்க மறுபடி மஞ்சளாக நின்றது. நடுநிலையாக்கல் என்ற வார்த்தையை அதற்கு அப்புறம்தான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதே சுண்ணாம்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்க வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து ஸ்ட்ராவால் ஊதச் சொன்னோம் (உறிஞ்சக் கூடாது என்று பத்து முறை சொல்லிவிட்டுத்தான்). மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடால் பால் போலாகும், ஆனது. ஒரு பையன் மட்டும் விடாமல் ஊதி ஊதி, பாலானது திரும்பவும் தெளிய ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரியாது, நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் நம் ஓய்வுபெற்ற டீச்சர் விளக்கினார்: முதலில் கரையாத கால்சியம் கார்பனேட் உண்டாகிறது, மேலும் மேலும் வாயு சேர்ந்தால் அது கரையக்கூடிய பைகார்பனேட்டாகிவிடுகிறது. அந்தப் பையனுக்கு இப்போது வகுப்பில் தனி மரியாதை.

அடுத்தது செயற்குழுவில் நடந்த சண்டை, இதையும் பதிவு செய்தாக வேண்டும். மரத்தில் கட்டும் முட்டிக்குள் (பானைக்குள்) சுண்ணாம்பு தடவி இறக்கினால் தெளுவு, அதாவது பதநீர், தடவாவிட்டால் கள். சித்தூர் தாலுக்காவில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல நொதித்தல் பாடம் கிடையாது, காரத்தன்மையில் ஈஸ்ட் பெருக முடியாததால் இனிப்பு இனிப்பாகவே நிற்கிறது. மரமேறும் பெரியவர் ஒருவரும் முட்டியோடு வரச் சம்மதித்தார். படிக்கிற இடத்தில் கள்ளா என்று ஒரு தரப்பு, மாநிலம் முழுக்கப் போவதே நம் ஊர்க் கள்தானே, அதில் என்ன வெட்கம் என்று இன்னொரு தரப்பு, இரவு பத்து மணி வரை பேச்சு. கடைசியில் தெளுவு வரலாம், கள் வரக்கூடாது, கள்ளுக்குப் பதில் தோசை மாவு என்று முடிவானது. பெரியவர் வந்தார், பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கு முன்பே தெளுவு தீர்ந்துவிட்டது.

செம்மண்ணையும் கரிசலையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்த வகுப்பு சுமாராகப் போனது, கேரளத்தில் கரிசல் மண் நம் தாலுக்காவில்தான் என்பது மட்டும் பிள்ளைகளுக்குப் பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி விடுமுறை. உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழலே விழாத நிழலில்லா நாள் அன்று, அதைப் பார்க்க வாசகசாலை முற்றத்தில் உலக்கையை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடி வந்து, இன்றைக்கென்ன கிரகணமா என்றார். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கை நிறுத்திப் பார்த்தவர் அவர். கிரகணம் இல்லாத நாளிலும் அது நிற்கும் பாட்டி, அடி சமமாக இருந்தால் போதும் என்று ஏழாம் வகுப்புக்காரி சொன்னதை அவர் நம்பவே இல்லை. மணி 12 ஆனது, நிழல் போகவில்லை, மேற்கே அரைச் சாண் கிடந்தது. ஏமாந்துபோய் இரண்டு பேர் கிளம்பியேவிட்டார்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் இருப்பதோ ஏறக்குறைய 76.8 பாகையில், ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று சிமெண்ட் தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டதில் 22 நிமிடம் சொச்சம் வந்தது. 12.22க்கு நிழல் உலக்கைப் பூணுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்தக் கரிக்கணக்கை மழை வரும்வரை யாரும் அழிக்கவில்லை.

பெற்றோரிடம் ஒரு மனத்தாங்கல். ஒரு பள்ளியில் கேட்ட ப்ராஜெக்டுக்காகத் தெர்மோகோலில் எரிமலை செய்ய அப்பா லீவு போட்டார், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பிரிண்ட் எடுக்கும் கடைக்கு நாம் கொடுத்த பணத்தில் எத்தனையோ எலுமிச்சம்பழம் வாங்கலாம். உங்களுக்கு அறிவியல் தெரிய வேண்டியதில்லை, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு நடத்தியதை எனக்குச் சொல் என்று கேளுங்கள், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், போனைக் கையில் எடுக்காதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலில் எல்லாரும் தேறினார்கள். அதில் நம் பங்கு எவ்வளவு, பள்ளியின் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லப் போவதில்லை.

கணக்கு: முன் இருப்பு ரூ. 4,310, வரவு ரூ. 18,650, செலவு ரூ. 16,905, கையிருப்பு ரூ. 6,055. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, மண்ணெண்ணெய் ரசீது ஒன்று மட்டும் என் சட்டைப் பையில் துவைபட்டுப் போனது, மன்னிக்கவும்.

வாங்கிய 3 பூதக்கண்ணாடியில் ஒன்றுதான் அலமாரியில் இருக்கிறது. மற்ற இரண்டும் யார் வீட்டில் எறும்பு பார்த்துக்கொண்டிருக்கின்றனவோ, ஜூன் வகுப்பு தொடங்குவதற்குள் கொண்டுவந்து வையுங்கள், யார் என்று கேட்க மாட்டோம்.

செயலாளர்