சின்ன மயக்க ஊசியாம்!

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலர்ல அவசர சிகிச்சை பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு, சந்தோஷம். ஆனா நடுவுல ஒரு வரி, "தோள்பட்டை நழுவி வருபவருக்குச் சின்ன மயக்க ஊசி போட்டு அங்கேயே சரிசெய்துவிடலாம்"னு. அந்த 'சின்ன'வப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.

நான் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. பாதி சர்வீஸ் ஆபரேஷன் தியேட்டர், பாதி கேசுவால்ட்டி. விடியக்காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு கம்பமெட்டு ஏறுற ஜீப்புங்கள நீங்களும் பாத்திருப்பீங்க, அதுல ஒண்ணு கவுந்தா கை இறங்குனது கால் ஒடிஞ்சதெல்லாம் எங்ககிட்டத்தான் வரும்.

எல்லையோரத்துல ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேணாம். நைட் டூட்டி. தோள் எறங்கி வந்த ஆளு நல்ல கட்டுமஸ்து, பரோட்டா சாப்ட்டு தண்ணியும் போட்டிருந்தாரு. டூட்டி டாக்டர் சின்னப் பையன், ஹவுஸ் சர்ஜன் முடிச்சு ஆறு மாசம்கூட ஆகல. வலிக்கு ஃபோர்ட்வின் போட்டாரு, மயக்கத்துக்கு மிடாஸ் போட்டாரு, அப்பவும் கத்துறாருன்னு இன்னொரு மிடாஸ். டாக்டரே கையப் புடிச்சு இழுக்க, வார்டு பாய் போர்வையக் கக்கத்துல குடுத்து எதிர்ப்பக்கம் இழுக்க, களுக்குன்னு உள்ள போச்சு. எல்லாரும் சிரிக்கிறோம். அப்பத்தான் ஆபத்தே. அதுவரைக்கும் அந்த வலிதான் மனுசன மூச்சு விட வச்சிட்டு இருந்துருக்கு. வலி போச்சு, மருந்து மட்டும் மிச்சம். கொறட்டை விட்டாரு, கொஞ்ச நேரத்துல கொறட்டையும் நின்னு போச்சு. வெரல்ல மாட்டுன மெஷின் ரத்தத்துல ஆக்சிஜன் 97ன்னு காட்டுது, ஆக்சிஜன் போயிட்டு இருந்தா மூச்சு நின்னப்புறமும் கொஞ்ச நேரம் அது நல்ல நம்பரத்தான் காட்டும். நெஞ்சப் பாத்தேன், ஏறி எறங்கல. தாடைய முன்னால தூக்கி மாஸ்க்க அமுக்கிப் புடிச்சேன், டாக்டர் மூச்சு குடுக்குற ஆம்பு பேக்க அமுக்குனாரு, அவரு கை நடுங்குது. வாந்தி, சளிய உறிஞ்சுற சக்ஷன் மெஷின் பிளக்குல யாரோ செல்போன் சார்ஜர் சொருகி வச்சிருக்காங்க. மிடாஸ முறிக்கிற மாத்து மருந்து ஃபுளுமாசெனில் ஸ்டாக் இல்ல. பத்து நிமிஷம் ஐயா. பொழச்சாரு. காலையில எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது.

அந்தப் பையன் மேல எனக்குக் கோவமே இல்ல, யாரு சொல்லிக் குடுத்தா? எலும்ப இழுக்குறவரே மூச்சையும் பாக்க முடியாது, அதுக்குன்னு தனியா ஒரு ஆளு நிக்கணும். லேசா மயக்கம் குடுக்குறவருக்கு, ஆழமாப் போயிட்டாலும் மீட்டுக் கொண்டார தெரியணும், ஏன்னா மருந்து நாம சொன்ன எடத்துல நிக்காது. பிரசவத்துக்காக எம்பிபிஎஸ் டாக்டருக்கு 18 வாரம் மயக்கம் கத்துக் குடுக்குற திட்டம் மத்திய அரசுகிட்ட எப்பவோ வந்தாச்சு. அப்ப கத்துக் குடுக்க முடியும்னு தெரியுதுல்ல, கேசுவால்ட்டிக்காரங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க?

கெட்டமின் 1985லேர்ந்து உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு, பெரும்பாலும் மூச்ச நிறுத்தாத மயக்க மருந்து. 2013ல கடுமையான கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல்ல போட்டாங்க, போதைக்குத் திருடுறானுங்க, நியாயந்தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு நாங்க தேடுன தேட்டம் எங்களுக்குத்தான் தெரியும். தமிழ்நாடு அரசோட 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு மொத 48 மணி நேரத்துக்குக் காசு இருக்கு, நல்லது. மாஸ்க் புடிக்கத் தெரிஞ்ச கை எங்க இருக்கு? இல்லாட்டி ரெஃபர். கீழ தேனி, மேல கோட்டயம். நீங்களும் "மேல் சிகிச்சைக்கு அனுப்பி வைக்கப்பட்டார்"னு ஒரே வரியில முடிச்சிருவீங்க.

அக்கரைக் கத இன்னொண்ணு. என் தங்கச்சி உசிலம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவ, குமுளி வந்த எடத்துல மணிக்கட்ட ஒடிச்சிக்கிட்டா. அங்க சிஸ்டர் மலையாளத்துல "கழிச்சோ?"ன்னு கேக்குது, சாப்ட்டாச்சான்னு அர்த்தம். இவ வெளிக்குப் போனதக் கேக்குறாங்கன்னு நெனச்சு வெக்கப்பட்டு "இல்ல"ங்குறா! ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் மூணு இட்லி உள்ள போயிருக்கு. நான் பக்கத்துல இல்லன்னா வெறும் வயிறுன்னு நெனச்சு ஊசியப் போட்டிருப்பாங்க, வாந்தி நெஞ்சுக்குள்ள போயிருந்தா யாரு பதில் சொல்றது?

பெருசா ஒண்ணும் கேக்கல. கேசுவால்ட்டில புதுசா சேர்ற டாக்டர ரெண்டு வாரம் தியேட்டர்ல மயக்க டாக்டர் பக்கத்துல நிக்க வச்சு, மாஸ்க் புடிக்கவாவது பழக்குவாங்களான்னு மேல உள்ளவங்ககிட்ட உங்க நிருபர விட்டுக் கேட்டு எழுதுங்க. கூடவே ஒரு பெட்டிச் செய்தி, எப்ப சாப்ட்டீங்க, தண்ணி போட்டீங்களான்னு கேட்டா மறைக்காமச் சொல்லுங்கன்னு.

அப்பறம் ஐயா, போன வருஷம் நான் எழுதுன கடிதத்துல ஆம்பு பேக்குங்குறத 'அம்புப் பை'ன்னு திருத்திப் போட்டீங்க. வில்லு எங்க அக்கான்னு தெருவுல இன்னும் கேக்குறாங்க. இந்தத் தடவ கை வைக்காமப் போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், கம்பம்
(பேர் வேணாம், பென்ஷன் வாங்குறேன்)