ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்: ஈகிள்நெஸ்ட் டூர் லீடர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். மார்ச் பிறந்தாலே சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பறவை பார்க்க ஆள் திரட்டிக்கொண்டு அருணாச்சலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் சரணாலயத்துக்குக் கிளம்புகிறவர்கள் நீங்கள். உங்களில் இருவரோடு நானும் வந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பறவைகள் மேல் இருக்கும் பிரியத்தை நேரில் பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து வழக்கமாக்கிவிட்ட ஒரு விஷயம் இது, அதில் எனக்கும் பங்கு உண்டு.

கேட்பது ஒன்றுதான். ஈகிள்நெஸ்டுக்கு வரும்போது, பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கும் அந்த ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். குறிப்பாக லாமா கேம்ப் என்ற முகாமின் பக்கம், புகுன் லியோசிச்லா என்ற அந்த அரிய பறவை இருக்கும் இடத்தில், அதன் குரலை ஒருமுறைகூடப் போடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களில் ஒருவரோடு வந்த ஒரு ஏப்ரலில் நாங்கள் ஏழு பேர். குவாஹாத்தியில் இறங்கி, தேஜ்பூர் வழியாகப் பாலுக்போங் வந்து, ஐஎல்பி என்ற உள்நுழைவு அனுமதித் தாளைக் காட்டி அருணாச்சல எல்லையைத் தாண்டினோம். அஸ்ஸாமில் ஜியா போரோலி என்று பெயர் உள்ள ஆறு, அந்தப் பக்கம் போனதும் காமெங் ஆகிவிடுகிறது. ஆற்றங்கரையில் நின்று டீ குடிக்கும்போதே மேலே மேகத்துக்குள் மறைந்திருந்த மலையைப் பார்த்து எல்லோருக்கும் கால் பரபரத்தது. கையில் ஆளுக்கொரு பட்டியல். எத்தனை நாள், எந்த முகாமில் எத்தனை லைஃபர் (வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் பறவை), எந்த வளைவில் எந்தப் பறவை என்று எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். கெல்லாங், செஸ்னி போன்ற கீழ்ப்பகுதிகளுக்கு அந்தப் பட்டியலில் அரை நாள்தான் ஒதுக்கியிருந்தது.

ஆனால் நாங்கள் வருவதற்கு முந்தின இரவு நல்ல மழை. கெல்லாங்குக்கு மேலே ஒரு வளைவில் மண் சரிந்து சாலையில் பாதியைக் காணோம். இந்தச் சாலை ராணுவம் ஒரு காலத்தில் போட்டது, இப்போது பெரும்பாலும் காடே அதை ஆண்டுகொண்டிருக்கிறது. காலையில் போன யானைகளின் சாணம் நடுவழியில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, அதனால் தனியாக எங்கும் நடக்கவும் முடியாது. டிரைவரும் கூட வந்த, அந்தப் பகுதியின் பழங்குடியான புகுன் இளைஞர்கள் இருவரும் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். எங்களை ஒரு ஓரமாக உட்காரச் சொன்னார்கள். ஸ்பீக்கர் பின்னால் நின்ற வண்டியில், சாமான்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மூன்று மணி நேரம், சும்மா உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் ஒரு மணி நேரம் அட்டையைப் பிடுங்கிப் போடுவதிலேயே போனது. அப்புறம் எங்கோ கீழே பள்ளத்தில் ஒரு கரிச்சான் கத்தியது. ஆனைமலை அடிவாரத்தில் துடுப்புவால் கரிச்சானுக்குப் பின்னால் பல இனப் பறவைகள் சேர்ந்த ஒரு கலப்புக் கூட்டமே வருவதைப் பார்த்துப் பழகிய காது என்பதால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு எதிர்ச்சரிவில் ஒரு கிளை அசைந்தது, இன்னொன்று அசைந்தது, கொஞ்ச நேரத்தில் மரம் முழுக்க அசைந்தது. மின்சிட்டுகள் சிவப்பும் மஞ்சளுமாக முன்னால் வர, அவற்றுக்குப் பின்னால் கதிர்க்குருவிகள், சிலம்பன்கள், தலையில் மஞ்சள் கொண்டை நிமிர்த்திய சுல்தான் டிட் இரண்டு, பெயர் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வராத நாலைந்து சின்னப் பறவைகள். அந்தக் கூட்டம் சாலையைத் தாண்டி எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. ஒரு நீளவால் பிராட்பில், பச்சை உடம்பும் மஞ்சள் முகமும் நீல வாலுமாக, என் முழங்காலிலிருந்து நாலு மீட்டரில் ஒரு கொடியில் உட்கார்ந்து, ஒரு பூச்சியைக் கிளையில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கிவிட்டு, அலகை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை துடைத்துக்கொண்டது. பைனாகுலரே தேவைப்படவில்லை. யாரும் கூப்பிடாமல், யாரும் ஏமாற்றாமல், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் என் மனதில் இன்னும் நிற்கும் முதல் காட்சி அதுதான்.

இரண்டாவது காட்சியைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

செஸ்னி, போம்பு முகாம்கள் எல்லாம் முடித்துக்கொண்டு கணவாயைத் தாண்டி லாமா கேம்புக்கு வந்தோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர், விடியற்காலையில் விரல் மரத்துப்போகும் குளிர். அங்கேதான் எல்லோருடைய பட்டியலிலும் முதல் இடத்தில் இருக்கும் பறவை. எங்களுக்கு முன்பே இன்னொரு வண்டி வந்து நின்றிருந்தது. இருபது நிமிஷம் காத்திருந்தோம், வரவில்லை. நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் லீடர் ஸ்பீக்கரை எடுத்துப் புதரடியில் வைத்தார். குரல் ஒலித்தது. திரும்பப் போட்டார். மூன்றாவது தடவை போடும்போது அது வந்தது.

கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று மஞ்சள், இறக்கையில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும். எத்தனை வருஷக் கனவு! கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடத்தன. அது ஸ்பீக்கருக்கு மேலே ஒரு கிளையில் உட்கார்ந்தது, அடுத்த கிளைக்குத் தாவியது, திரும்ப இங்கே வந்தது, கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தது. அப்போதுதான் பைனாகுலரில் எனக்குத் தெரிந்தது, அதன் அலகில் ஒரு பச்சைப் புழு. முழுசாக, இன்னும் நெளிந்துகொண்டு. புழுவை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டிருக்கும் பறவை அதை யாருக்கு எடுத்துக்கொண்டு போகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்தில் நின்ற புகுன் இளைஞரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், போதும், அது குஞ்சுக்குக் கொண்டுபோகுது" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். லீடருக்குக் கேட்டதா தெரியவில்லை. இன்னொரு வண்டியில் வந்தவர்களுக்குச் சரியாகப் படம் கிடைக்கவில்லை என்று இன்னும் இரண்டு முறை போடப்பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து நிமிஷத்துக்கு மேல் அந்தப் பறவை வாயில் புழுவோடு, இல்லாத ஒரு எதிரியைத் தேடிக்கொண்டு அந்தப் புதரையே சுற்றிச் சுற்றி வந்தது.

ஸ்பீக்கரில் நாம் போடுவது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "உன் வீட்டுக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான்" என்று சொல்கிறோம். அது இரை தேடுவதை விட்டு, கூட்டை விட்டு, மறைவை விட்டு வெளியே வருகிறது. நாம் பார்க்கும் அதே கிளையில் அதை ஒரு வல்லூறும் பார்க்கலாம். எங்கும் நிறைந்திருக்கும் ஒரு பறவைக்கு ஒருமுறை அப்படி நடந்தால் தாங்கிக்கொள்ளும் என்று வாதாடலாம், அந்த வாதத்தை நானும் முன்பு சொல்லியிருக்கிறேன். ஆனால் இது எத்தனை பறவை? 2006ல் இதை உலகத்துக்கு அறிவித்தபோது தெரிந்த எண்ணிக்கை மொத்தமே 14. உலகம் முழுக்க, 14. மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கும் இனம் என்று பட்டியலிடப்பட்டது. சீசனில் ஒரு குழு போனால் அடுத்த குழு வருகிறது, ஒவ்வொரு குழுவும் தன் கணக்கில் "நாங்கள் மூன்றே தடவைதான் போட்டோம்" என்கிறது. அந்தப் பறவையின் கணக்கில் அது எத்தனை தடவை? அதுவும் நாம் போவது மார்ச்சிலும் ஏப்ரலிலும் மேயிலும், அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில்.

இந்தப் பறவையின் கதை உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பயணத்திலும் முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் நீங்களே சொல்கிற கதை. ரமணா ஆத்ரேயா, தொழிலால் வானியலாளர், 1995ல் இதை முதலில் பார்த்தார். பத்து வருஷம் கழித்து 2005ல் மறுபடி பார்த்தார். 2006 மே மாதம் வலையில் சிக்கியதை அளந்து, படமெடுத்து, உதிர்ந்த சில இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறக்க விட்டுவிட்டார். புதிய பறவை இனம் என்று அறிவிக்க ஒன்றைக் கொன்று, பதப்படுத்தி, அருங்காட்சியகத்தில் வைப்பதுதான் காலம்காலமாக இருந்த நடைமுறை. இவ்வளவு குறைவாக இருக்கும் பறவையில் ஒன்றைக் கொல்வதும் அதிகம் என்று அவர் அதைச் செய்யவில்லை. அந்த இறகுகளையும் படங்களையும் குரல் பதிவையும் வைத்தே அறிவித்தார். இந்தியாவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடைக்காத ஒரு கண்டுபிடிப்பு, வாழ்நாள் பெருமை. அதற்காகக்கூட ஒரு பறவையின் உயிரைக் கேட்காத மனுஷன் காட்டிய இடத்தில் நின்றுகொண்டு, ஒரு போட்டோவுக்காக நம்மால் ஒரு பட்டனை அழுத்தாமல் இருக்க முடியாதா?

அதன் பெயரிலேயே புகுன் மக்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1996ல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்து மரம் வெட்டுவது நின்றபோது, அந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் வருமானம் நின்றது. அதற்குப் பிறகும் சிங்சுங் ஊர்க்காரர்கள் தங்கள் சமூகக் காட்டில் 17 சதுர கிலோமீட்டரை 2017ல் காப்பகமாக அறிவிக்க ஒப்புக்கொண்டார்கள். ஊர் இளைஞர்கள் அங்கே ரோந்து போகிறார்கள். அந்த மரங்களை வெட்டி விற்காமல் விட்டவர்களின் பிள்ளைதான் அன்று என் பக்கத்தில் நின்று "போதும்" என்றவர். சம்பளம் கொடுக்கிறவர் நீங்கள் என்பதால் அவரால் அதற்குமேல் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று முதல்நாளே எல்லோர் முன்னாலும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். அவர் சொல்லுக்கு மேல் லீடர் சொல்லும் இல்லை, பணம் கட்டியவர் சொல்லும் இல்லை என்று.

இன்னொன்று. ஈகிள்நெஸ்டில் பறவை ஆய்வாளர் உமேஷ் ஸ்ரீனிவாசனும் அவரோடு உழைக்கும் உள்ளூர்க்காரர்களும் பல வருஷமாக வலைபோட்டு, வளையமிட்டு, எடைபார்த்து விடும் ஆய்வைப் படித்திருப்பீர்கள். முன்பு மரம் வெட்டப்பட்ட காட்டுப் பகுதிகளில் வெப்பம் கூடுதல், பூச்சி குறைவு, பல இனப் பறவைகளின் எடையும் பிழைக்கும் வாய்ப்பும் இறங்குமுகம். ஏற்கெனவே ஒவ்வொரு கிராமுக்கும் போராடிக்கொண்டிருக்கும் பறவைகள் அவை. பதினைந்து நிமிஷ ஓட்டம் என்பது பத்து கிராம் எடையுள்ள சின்னச் சிலம்பனுக்கு என்ன என்பதை, காலை டிபன் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் முகம் சுளிக்கும் நாம் யோசித்தே ஆகவேண்டும்.

உங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது. ஒரு லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டு வருகிறவர் "அந்தப் பறவை எங்கே?" என்றுதான் கேட்பார். காட்டாவிட்டால் அடுத்த வருஷம் இன்னொரு லீடரோடு போய்விடுவார். அதனால்தான் இது ஒருவர் மட்டும் செய்தால் நடக்காது, நீங்கள் எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்கிறேன். பணம் வாங்கும்போதே "புகுன் லியோசிச்லா தெரியலாம், தெரியாமலும் போகலாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். லாமா கேம்பில் ஒரு காலைக்குப் பதில் மூன்று காலை வையுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அடிவாரத்தில் அரை நாளைக்குப் பதில் இரண்டு முழு நாள் கொடுங்கள், அந்தப் பட்டியலில் பாதி அங்கேயே தானாக வரும். மண்சரிவுதான் அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது, அடுத்தமுறை அதற்காக மலை சரிய வேண்டியதில்லை. கூட்டைப் பார்த்தால் இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் போடுகிற பதிவிலும் கவனமாக இருங்கள்.

சின்ன ஸ்பீக்கர் பரவாயில்லை, போனில் மெதுவாகப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதுவும் வேண்டாம். சத்தம் குறைந்தாலும் அந்தக் குரல் சொல்வது அதேதான்.

அடுத்த நவம்பரில் நாங்கள் ஐந்து பேர் வரத் தயாராக இருக்கிறோம், அது கூடு கட்டும் காலமும் இல்லை. பத்து நாள், அதில் நாலு நாள் கெல்லாங், செஸ்னி பக்கம். ஸ்பீக்கர் இல்லாமல், உள்ளூர் வழிகாட்டியின் சொல்லே கடைசிச் சொல் என்று ஒத்துக்கொண்டு கூட்டிப்போகும் லீடர் யாராக இருந்தாலும் அவரோடு வருகிறோம், நீங்கள் வழக்கமாக வாங்கும் தொகையையே தருகிறோம். அந்தப் பறவையைப் பார்க்காமல் திரும்பினாலும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். உங்களில் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
அன்று வாய் திறக்காமல் நின்ற ஒருவன்