மாயாற்று மஹ்சீருக்காக ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

திமில் மஹ்சீர் ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடிய ஆற்று மீன்; காவிரியையும் அதன் கிளையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. ஆனால் 2018 வரை அதன் சரியான அறிவியல் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ரேஷன் கார்டு இல்லாதவருக்கு அரிசி கிடைக்காத கதைதான். பெயர் உறுதியாகாத மீனை அழியும் இனங்களின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

முதல் நன்றி, கர்நாடகத்தில் காவிரிக்கரையிலுள்ள கலிபோரே மீன்பிடி முகாமில் தூண்டில் போட்டவர்களுக்கு. மீனை முள்ளில் மாட்டி விளையாடுவது என்ன பொழுதுபோக்கு என்று முகம் சுளித்தவன் நான். நீங்களோ 1998 முதல் 2012 வரை பிடித்த 6,161 மஹ்சீர்களையும் திரும்ப ஆற்றில் விட்டுவிட்டு, எடையையும் வகையையும் குறித்து வைத்தீர்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகப் பெருக, நம் திமில் மஹ்சீர் காணாமல் போனதை அந்தக் கணக்குதான் காட்டிக்கொடுத்தது. நல்லது நினைத்து விட்ட மீன்தான் அதுவும்!

ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் மற்றும் உடன் உழைத்த ஆய்வாளர்களுக்கு அடுத்த நன்றி. 2007இல் கேரளத்துப் பாம்பாற்றில் சிறு மீன்களை வைத்துப் பெயரிடப்பட்ட டோர் ரெமாதேவி என்ற மஹ்சீரும் மாயாற்றில் கிடைத்த திமில் மஹ்சீரும் ஒன்றுதான் என்று நிறுவினீர்கள். பாம்பாறு அமராவதி வழியாகவும் மாயாறு பவானி வழியாகவும் காவிரிக்கு வருபவைதானே, ஒரே வீட்டுப் பிள்ளைகள். சென்னையில் பணியாற்றிய மீனியலாளர் கே. ரெமாதேவியின் பெயர் அது. நீங்கள் அதை நிறுவிய அதே 2018இல், மீன் அழியும் இனங்களுக்கான சிவப்புப் பட்டியலிலும் ஏறியது.

யானைக் காட்டில் இரவெல்லாம் நடந்து, ஆற்றில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பவர்களை விரட்டும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் நன்றி. உங்கள் வேலை எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

அப்புறம், தெங்குமரஹடா பரிசல்கார அண்ணனுக்கு. யாரோ விட்டுப்போன வலை பாறையில் சிக்கிக் கிடந்தது. உள்ளே முழ நீளத்தில் ஒரு மஹ்சீர் குட்டி, துடுப்பெல்லாம் செம்மஞ்சள். கையை நனைத்துக்கொண்டு, வலையைக் கத்தியால் அறுத்து, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தபடி நின்றீர்கள். அது வாலை ஒரு உதறு உதறிப் போன பிறகுதான் பரிசல் துடுப்பைக் கையில் எடுத்தீர்கள். அன்று நான் பரிசல் கூலி கொடுக்க மறந்துவிட்டேன், அண்ணா. அடுத்த முறை சேர்த்துத் தருகிறேன்.

நன்றியுடன்,
பவானிசாகரிலிருந்து ஒருவன்