டம்ளர் கணக்கில் சோப்பு காய்ச்ச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சலவை சோப்பை வீட்டிலேயே செய்யலாம் என்று வரும் குறிப்புகள் பலவற்றில் ‘ஒரு டம்ளர் காஸ்டிக் சோடா, நாலு டம்ளர் எண்ணெய்’ என்றே அளவு இருக்கிறது. கையைப் புண்ணாக்குவதும் துணியைக் கெடுப்பதும் இந்த டம்ளர் கணக்குதான். செதில் காஸ்டிக் ஒரு டம்ளர் ஒரு எடை, முத்து காஸ்டிக் வேறு எடை. எண்ணெய்க்கு எண்ணெய் தேவையும் மாறும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் வேண்டும். பாமாயிலுக்கு 142, கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்திக்கும் சுமார் 136 போதும். கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

தேங்காய் எண்ணெய் இன்று விற்கிற விலைக்கு அதை மட்டும் வைத்துக் காய்ச்சினால் கட்டுப்படியாகாது. பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயில்தான் மிச்சம் பிடிக்க முடியும். அதில் அதே அளவு தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க அசையாமல் வைத்தால் உப்பும் கருகிய தூளும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் எண்ணெயைத் துணியில் வடிகட்டி 700 கிராம் எடுத்து, 300 கிராம் தேங்காய் எண்ணெய் சேருங்கள். தேங்காய் எண்ணெய் நுரைக்கும் கெட்டித்தன்மைக்கும் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். மீந்தது பாமாயில் என்றால் காஸ்டிக் 150 கிராம், கடலை அல்லது சூரியகாந்தி என்றால் 146 கிராம். தண்ணீர் இரண்டுக்கும் 300 கிராம். சோப்பில் காஸ்டிக்கின் காரம் மிஞ்சித் துணியைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக முழுத் தேவையில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு குறைத்த கணக்கு இது.

எவர்சில்வர் பாத்திரம் அல்லது தடித்த பிளாஸ்டிக் வாளிதான் ஆகும். அலுமினியத்தில் காஸ்டிக் பட்டால் பொங்கி ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பாத்திரமும் அரித்துப் போகும். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, வாசலிலோ மாடியிலோ வைத்து, தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துவிடும். கரைசல் 80 டிகிரியைத் தாண்டிச் சூடாகும், ஆவியை முகர வேண்டாம். மேலே பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். எலுமிச்சையும் வினிகரும் தடவக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணெயும் கரைசலும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் (வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும்) கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கிளறுங்கள். மத்தால் கடைந்தால் அரை மணியோ ஒரு மணியோ ஆகும். கரண்டியில் எடுத்து மேலே ஒழுகவிட்டால், விழுந்த கோடு கோலம் போட்டதுபோல் மறையாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். அதற்கு முன்பே அச்சில் ஊற்றினால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். ஒரு நாள் கழித்து வெட்டி, நிழலில் காற்றுப்பட நான்கு வாரம் உலர்த்துங்கள். ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் தேறும்.

மேலே வெள்ளைப் பொடி பூத்தால் பயப்பட ஒன்றுமில்லை, காற்றுப்பட்டு உண்டான சோடா சாம்பல் அது. உள்ளே குழிகளில் தண்ணீர் கோத்திருந்தால் காரம் சரியாகக் கலக்கவில்லை, அதைக் கையால் தொடாதீர்கள். மஞ்சள் தடவிச் சிவந்தால் காரம் அதிகம் என்று சிலர் சொல்வது சரியல்ல, நல்ல சோப்பும் மஞ்சளைச் சிவக்கவைக்கும். சோப்பு இறுகவே இல்லையா? காஸ்டிக் பழசாக இருக்கலாம். திறந்து வைத்த காஸ்டிக் காற்றின் ஈரத்தையும் கரியமிலவாயுவையும் இழுத்து வீரியம் குறைந்துவிடும்.

போர்வெல் தண்ணீரில் எந்த அசல் சோப்பும் திரிதிரியாகப் பிரிந்து வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஏற்றும். வாளித் தண்ணீரில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். ஆப்ப சோடா இந்த வேலையைச் செய்யாது. வாசனைக்கென்று சோப்புக் கலவையில் எலுமிச்சைச் சாறு பிழிவதும் தவறு. புளிப்பு சோப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கிவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தச் சோப்பு ஆகாது, பூந்திக்கொட்டைத் தண்ணீரே போதும்.

மீந்த காஸ்டிக்கைத் தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் வைக்க வேண்டாம். இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது எந்த எண்ணெய், எத்தனை கிராம் காஸ்டிக் என்பதையும், கண்ணைக் காத்துக்கொள்ளும் எச்சரிக்கையையும் சேர்த்தே அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சோப்பு தயாரிக்கும் மகளிர் குழுவினர்,
ஈரோடு.