ஃபைட்டர் மீனைக் குப்பியில் விற்கும் அண்ணாச்சிகளுக்கு

அன்புள்ள நாகர்கோவில் வண்ணமீன் கடை அண்ணாச்சிகளுக்கு,

வணக்கம். உங்கள் கடைகளில் பிளாஸ்டிக் டப்பாக்களில் வரிசையாக அடைபட்டு நிற்கும் ஃபைட்டர் மீன்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன மாதம் உங்களில் ஒருவரிடம் நீல மீன் ஒன்றும், 1 லிட்டர் பிடிக்கிற கண்ணாடிக் கிண்ணமும் வாங்கினேன். இது போதுமா என்று கேட்டதற்கு, "அது குப்பியிலயே கெடக்கும் மக்கா. தெனமும் தண்ணி மாத்தினா போதும்" என்றார்.

மாற்றினோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் மாற்றினாள். பள்ளி வேன் வருவதற்குள் டீ வடிகட்டியில் மீனை எடுத்து வைத்து, கிண்ணத்தைக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து, திரும்ப விடுவாள். வடிகட்டியில் அது துள்ளும்போது, "வலிக்குமாப்பா?" என்பாள். உங்களை நம்பி, இல்லை என்றேன். நாலாம் நாள் வால் ஓரம் கிழிந்தது. 11ஆம் நாள் காலை வடிகட்டியோடு போனவள் வெறுமனே திரும்பி வந்தாள். அன்றைக்கு வேனைத் திருப்பி அனுப்பினோம்.

மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் என்பது உண்மைதான். நம் குளத்துப் பனையேறியும் அப்படித்தான். அதற்காக அதை யாரும் செம்பில் வளர்ப்பதில்லை. மூச்சுக்கு வழி இருக்கிறது, கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சுக்கு? அதைக் கேடு குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா பெருக, தொட்டி ஃபில்டரோடு சில வாரமாவது ஓட வேண்டும். நாங்களோ தினமும் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, குளோரின் தண்ணீரையும் ஊற்றினோம். தாய்லாந்து வயல்களில் இது ஆழமில்லாத தண்ணீரில் வாழ்கிறது என்பீர்கள். வயல் என்ன கிண்ணம் அளவா?

விற்கும் முன் தொட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

மட்டிப்பழம் வாங்கப் போனால்கூட, பிள்ளைக்கா, என்றைக்குத் தின்ன என்று கேட்டுச் சீப்பை எடுத்துத் தருகிற ஊர் இது. உயிரை விற்கிற இடத்தில் மட்டும் கேள்வியே கிடையாது. செத்தால் இன்னொன்று வாங்க வருவோம் என்கிற கணக்கோ? பிறந்தநாள் வீட்டில் மிட்டாய்க்குப் பதில் ஆளுக்கொரு மீன் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

சரி, அது இருக்கட்டும். தயவுசெய்து ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள்: குறைந்தது 20 லிட்டர் தொட்டி, ஒரு தொட்டிக்கு ஒரே ஆண் மீன், துள்ளி விழாமல் இருக்க மூடி, மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டாம், வாரம் கால்பங்கு போதும், குளோரின் நீக்கியதாக. நம் ஊர் வெயிலுக்குப் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. ஆடிச் சாரலில் 24 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. பிளாஸ்டிக் செடி துடுப்பைக் கிழிக்கும், அதையும் எழுதுங்கள். தொட்டியும் ஃபில்டரும் உங்களிடம்தானே வாங்கப் போகிறோம், உங்களுக்கும் நட்டமில்லை.

என் வீட்டுத் தொட்டி இப்போது மீன் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் மகளோடு வருவேன். அப்போது அந்த அட்டை கண்ணில் படுகிற கடையில்தான் மீன் வாங்குவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவன்